மலை ஒரு பானைச் சோறு அல்ல

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது எங்கள் அடுக்களைகளில் நாள்தோறும் மெய்யாகும் பழமொழி. பானையில் உள்ளது ஒரே அரிசி. ஊற்றியது ஒரே நீர். எரிந்தது ஒரே அடுப்பு. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து மீதியைப் பற்றிச் சொல்லிவிடலாம். ஆனால் விதைநெல் வாங்கப் போகும் கமக்காரர் எவரும் இந்தப் பழமொழியை நம்புவதில்லை. மூட்டையின் வாயிலிருந்து மட்டும் ஒரு பிடி எடுத்துக் காட்டும் வியாபாரியிடம், "அடியிலிருந்தும் எடுங்கோ, மற்ற மூட்டையையும் அவிழுங்கோ" என்கிறார். நூறு நெல்லை எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, எத்தனை முளைத்தன என்று பார்த்த பின்னரே வயலில் இறங்குகிறார். ஒரு போகம் பிழைத்தால் அந்த ஆண்டுக் கடனை யார் அடைப்பது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு மலையைத் தோண்டி உலோகம் எடுக்கப் போகிறோம் என்று வருபவர்களும் தோண்டுமுன் ஒரு சோதனை செய்கிறார்கள். தோண்டிப் போடும் கல்லிலிருந்து பிற்காலத்தில் அமில நீர் வடியுமா, வடியாதா என்று ஆய்வுகூடத்தில் பார்க்கும் சோதனை அது. "சோதித்தாயிற்று, பயமில்லை" என்ற ஒரு வரி அறிக்கையில் வந்துவிட்டால், மலையடிவாரத்தில் வயல் செய்பவர்கள் வாய் திறக்க முடியாமற் போகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அறிந்து வைத்திருப்பது எமது மக்களுக்குத் தேவையானது.

"சொந்த மண்ணை விட்டு வேறிடத்தில் குந்தியிருக்கும் எங்களுக்கு இந்தக் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நாம் இல்லாத வேளையில்தான் எமது நிலத்தைப் பற்றிய பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஆளில்லாத ஊரில் அளவுக்கயிறு பிடிப்பது சுலபம். திரும்பிப் போகும் நாளில் எல்லைக்கல் இருக்கலாம், உறுதியும் கையில் இருக்கலாம். ஆனால் கிணற்றில் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதற்கு உறுதி எழுதித் தருபவர் யாருமில்லை.

கல் எப்படிப் புளிக்கிறது?

செம்பு, ஈயம், நாகம், பொன் முதலிய உலோகங்கள் இருக்கும் பாறைகளிலும், நிலக்கரிப் படைகளிலும் பைரைற்று என்னும் கனியம் அடிக்கடி கலந்திருக்கும். பொன்போல் மினுங்கும், உண்மையில் அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொருள். நிலத்தடியில், காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் யாருக்கும் தீங்கில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே கிடக்கும். அதை வெடிவைத்து உடைத்து மேலே கொட்டும்போது காற்றும் நீரும் சேர்கின்றன. கந்தகம் கந்தகவமிலமாக மாறுகிறது. வாகன பற்றரிக்குள் இருப்பதும் இதே அமிலம்தான். இரும்பு கரைந்து, பிறகு செம்மஞ்சட் சேறாக வாய்க்காலில் படிகிறது.

இதில் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு. நிலக்கரிச் சுரங்க நீரில் வாழும் ஒருவகைப் பற்றீரியா இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்துகிறது என்று 1947ல் கோல்மர், ஹிங்கிள் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமிலம் கூடக்கூட இந்த உயிர்கள் பெருகுகின்றன. அவை பெருகப் பெருக அமிலமும் கூடுகிறது. தொடங்கிவிட்டால் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் காரியம் இது.

நீரின் புளிப்பைப் பி.எச். என்ற அளவால் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. ஒவ்வோர் எண் குறையும்போதும் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது. தேசிக்காய்ப் புளி ஏறக்குறைய 2. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அயன் மவுண்டன் என்ற பழைய சுரங்கத்துக்குள் எடுத்த நீர் பூச்சியத்துக்கும் கீழே இறங்கி, மறை 3.6 என்று அளக்கப்பட்டது. இந்த நிலை இன்னும் சுமார் 3000 ஆண்டுகள் தொடரலாம் என்று அங்கே மதிப்பிட்டிருக்கிறார்கள். புளிப்பு மட்டுமல்ல பிரச்சினை. அமில நீர் போகும் வழியெல்லாம் பாறையிலுள்ள செம்பு, நாகம், கட்மியம், அலுமினியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு போகிறது. மீனைக் கொல்வதும் பயிரின் வேரைக் கருக்குவதும் பெரும்பாலும் இந்தக் கரைந்த உலோகங்களே.

எல்லாக் கல்லும் புளிப்பதில்லை. பைரைற்றோடு சுண்ணாம்புக் கல்லும் கலந்திருந்தால் அது அமிலத்தை முறித்துவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் அமிலத்தை விட்டால் நுரைத்துப் பொங்குவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்கள் உண்டு. அந்த நுரைதான் முறிப்பின் அடையாளம். ஆகவே கேள்வி இப்படி அமைகிறது: இந்தக் கல்லில் புளிக்க வைப்பது எவ்வளவு, முறிப்பது எவ்வளவு, இரண்டில் எது முந்தும்?

ஆய்வுகூடத்துக் கணக்கு

இந்தக் கேள்விக்கு விடை காணும் முறை அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கங்களில் உருவானது. அங்குள்ள பல்கலைக்கழகத்தவர் வகுத்த முறைகளை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 1978ல் ஒரு கைந்நூலாக வெளியிட்டது. இன்றும் உலகெங்கும் அதுவே அடிப்படை. அமிலம்–காரம் என்ற இரு பக்கமும் கொண்ட வரவுசெலவுக் கணக்கு என்று அதைச் சொல்லலாம்.

செலவுப் பக்கம் முதலில். கல்லைத் தூளாக்கி, அதில் நூற்றுக்கு எத்தனை வீதம் கந்தகம் என்று பார்க்கிறார்கள். ஒரு தொன் கல்லில் 1 வீதம் கந்தகம் இருந்தால் அதன் முழு அமிலத்தையும் முறிக்க 31.25 கிலோ சுண்ணாம்புக் கல் வேண்டும். 2 வீதம் என்றால் 62.5 கிலோ, ஒரு சீமெந்துப் பையின் நிறையை விடக் கூட. பத்து இலட்சம் தொன் கழிவுக்கல் கொட்டப்பட்டால் 62,500 தொன் சுண்ணாம்புக் கல் அதற்குள்ளேயே கலந்திருக்க வேண்டும்.

வரவுப் பக்கம் அடுத்தது. தூளில் 2 கிராம் எடுத்து, சில துளி ஐதரோக்குளோரிக்கமிலம் விட்டு, நுரை இல்லையா, கொஞ்சமா, மிதமா, பலமா என்று கண்ணால் பார்க்கிறார்கள். அதற்கேற்ற அளவு அமிலம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். முடிவில் எவ்வளவு அமிலம் முறிபடாமல் எஞ்சியது என்று அளந்து, கல்லுக்குள் இருக்கும் முறிக்கும் பலத்தைக் கணிக்கிறார்கள்.

வரவு செலவைவிட மிகக் கூடுதலாக, மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் பொதுவாக அச்சமில்லை என்பார்கள். செலவு கூடினால் அமிலம் வரும் என்பார்கள். இரண்டுக்கும் இடைப்பட்டது நிச்சயமற்ற வகை. உதாரணமாக, 1 வீதம் கந்தகமுள்ள கல்லில் 40 கிலோவுக்குச் சமமான முறிப்புப் பலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் 8.75 கிலோ மிச்சம். கடைக்காரர் கணக்கில் அது இலாபம். ஆனால் விகிதம் 1.28 மட்டுமே, ஆகவே அது நிச்சயமற்ற கல். "மிச்சம் இருக்கிறது" என்று அறிக்கை எழுதுபவரும், "நிச்சயமில்லை" என்று எழுதுபவரும் ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

வேறொரு முறையும் உண்டு. ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றிப் பைரைற்றை ஒரே நாளில் எரித்துப் பார்ப்பது அது. முடிவில் நீரின் பி.எச். 4.5க்குக் கீழே போனால் அந்தக் கல் அமிலக் கல் என்று கொள்வார்கள். அவுஸ்திரேலியாவிலும் ஆசிய நாடுகளிலும் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே நல்ல வழக்கம்.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

இச்சோதனைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவற்றைச் செய்யாமலே மலையை உடைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவதற்குச் சமம். ஆனால் அவற்றின் குறைகளை, அவற்றை உருவாக்கியவர்களும் கையாள்பவர்களுமே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறைகள்தாம் மக்களிடம் வரும் சுருக்க அறிக்கைகளில் விடுபட்டுப் போகின்றன.

முதலாவது, பிடி எடுத்த இடம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1989ல் வந்த வழிகாட்டி ஒன்று, ஒருவகைக் கல்லில் 10,000 தொன்னுக்கு 3 மாதிரி, 100,000 தொன்னுக்கு 8, பத்து இலட்சம் தொன்னுக்கு 26 மாதிரி என்று தொடக்க அளவாகச் சொன்னது. அப்படி எடுத்தாலும் ஒரு மாதிரி 38,000 தொன் கல்லுக்காகப் பேசுகிறது. அதிலும் சோதனைக்குப் போவது தேக்கரண்டி நிறையாத 2 கிராம் தூள். மலை ஒரே பானையில் வெந்த சோறு அல்ல. ஒரு பக்கம் வெறும் கருங்கல்; பத்து யார் தள்ளிப் பைரைற்று நரம்பு. உலோகம் எங்கே இருக்கிறது என்று தேடித் துளைத்த குழிகளிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால், கழிவாகக் கொட்டப்படும் கல்லைப் பற்றி எதுவும் தெரியாமற் போகும். வயலுக்கு வரப்போகும் நீரோ அந்தக் கழிவுக்கல்லைக் கழுவிய நீர்.

இரண்டாவது, போலிச் சுண்ணாம்பு. சிடரைற்று என்ற இரும்புக் கனியம் சோதனைக் குழாயில் அமிலத்தை முறிப்பது போலக் காட்டும். ஆனால் அதிலிருந்து வெளிவரும் இரும்பு பின்னர் காற்றோடு சேரும்போது, முறித்த அமிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். இன்று கடன் அடைத்ததாகக் காட்டி நாளை அதே பணத்தை மீண்டும் கடன் வாங்குபவனைப் போன்றது இது. மேற்கு வேர்ஜீனியாப் பகுதியின் நிலக்கரிப் பாறைகளில் இக்கனியம் நிறைய உண்டு. இதைக் கண்டபின், இடையில் பேரொட்சைட்டு சேர்த்துச் சோதிக்கும் திருத்தம் அங்கேயே வந்தது. அந்தத் திருத்தத்தைக் கையாண்டார்களா என்று கேட்பது எமது உரிமை.

மூன்றாவது, தூளும் கல்லும் ஒன்றல்ல. மாவாக அரைத்த தூளைக் கடும் அமிலத்தில் சூடாக்கினால், மழையில் நூறாண்டு கிடந்தாலும் கரையாத கனியங்களும் கரைந்து முறிப்புப் பலத்தைக் கூட்டிக் காட்டும். மலைச்சரிவில் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இரும்புச் சேறு படிந்து தோல் போலாகிவிட்டால், உள்ளே சுண்ணாம்பு இருந்தும் அது அமிலத்தைத் தொடாது. தாளில் இருக்கும் வரவு கைக்கு வராது.

நான்காவது, கண்ணளவு. நுரை கொஞ்சமா மிதமா என்று ஒருவர் சொல்வதை மற்றவர் மாற்றிச் சொல்லலாம். அதற்கேற்பச் சேர்க்கும் அமிலமும் மாறும், விடையும் மாறும். ஒரே கல்லை இரண்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி ஒப்பிட வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இருபது வாரம் போதுமா?

ஒரு நாட் கணக்கின் குறையை நீக்க நீண்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு கிலோ உடைத்த கல்லை ஒரு குழாயில் இடுவார்கள். மூன்று நாள் உலர்ந்த காற்று, மூன்று நாள் ஈரக் காற்று, ஏழாம் நாள் நீர் ஊற்றிக் கழுவுதல். கழுவிய நீரில் புளிப்பும் உலோகமும் எவ்வளவு என்று வாராவாரம் அளப்பார்கள். அமெரிக்காவில் 1996ல் இதற்கு ஒரு நியமம் வகுத்தபோது, குறைந்தது 20 வாரம் என்று வைத்தார்கள்.

குறைந்தது என்று வைத்ததையே பலர் போதுமென்று எடுத்துக்கொண்டார்கள். இங்கேதான் பெரிய ஆபத்து. சுண்ணாம்பு இருக்கும்வரை நீர் நல்ல நீராகவே வரும். அது தீர்ந்த அன்றுதான் புளிப்பு தலைகாட்டும். மின்னசோட்டா மாநில அரசின் ஆய்வாளர்கள் கல் மாதிரிகளைப் பத்தாண்டுக்கும் மேலாகக் கழுவிக் கழுவிப் பார்த்திருக்கிறார்கள். முதல் ஆண்டில் சாதுவாக இருந்த சில கற்கள் பல ஆண்டுகள் கழிந்த பிறகே புளித்தன. இருபதாம் வாரத்தில் குழாயை மூடியிருந்தால், அந்தக் கற்களுக்கு நற்சான்றிதழ் கிடைத்திருக்கும்.

வரண்ட வலயத்தில் வாழும் எமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. குழாயில் வாராவாரம் நீர் ஊற்றுகிறார்கள். எங்கள் வானமோ அப்படிச் செய்வதில்லை. ஆனி முதல் புரட்டாதி வரை காய்கிறது. பிறகு மாரி ஒரேயடியாகக் கொட்டுகிறது. காய்ந்த மாதங்களில் கல்லின் மேல் அமில உப்புகள் பூத்துக் கிடக்கும். முதல் மழை அவற்றை ஒன்றாகக் கழுவிக்கொண்டு இறங்கும். அந்த நீர் வரும் வேளை, காலபோக விதைப்புக்கு வயலை உழுது வைத்திருக்கும் வேளை. ஆண்டின் சராசரி நீர் நல்லது என்று ஓர் அறிக்கை சொல்லலாம். பயிருக்குச் சராசரி தெரியாது. அன்று வந்த நீர்தான் தெரியும். ஆகவே ஆய்வுகூடக் குழாயோடு நிற்காமல், அந்த இடத்திலேயே பீப்பாய்களில் கல்லை நிரப்பி, வானத்து மழையிலும் வெயிலிலும் வைத்து, மாரிகள் சில கடந்து பார்க்க வேண்டும்.

பிழைத்தபோது சுமந்தவர் யார்?

ஆன் மேஸ்ற், ஜிம் கைப்பர்ஸ் ஆகியோரும் அவர்களோடு உழைத்தவர்களும் 2006ல் ஒரு நல்ல வேலை செய்தார்கள். அமெரிக்காவின் 183 பெரிய உலோகச் சுரங்கங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் 25 சுரங்கங்களை எடுத்துக்கொண்டார்கள். திறக்குமுன் எழுதிய அறிக்கையில் நீரைப் பற்றி என்ன சொன்னார்கள், பின்னர் நடந்தது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 25ல் 19 சுரங்கங்களில், அதாவது 76 வீதத்தில், சுரங்கத்தால் நீர் நியம அளவைத் தாண்டிக் கெட்டிருந்தது. அமிலம் வடிந்த சுரங்கங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் ஆரம்ப அறிக்கைகள், அமிலம் வரும் வாய்ப்புக் குறைவு என்று சொல்லியிருந்தன அல்லது அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டிருந்தன. சட்டமும் ஆய்வுகூடமும் நீதிமன்றமும் நன்றாக இயங்கும் நாட்டிலேயே நிலைமை இது.

கொலராடோ மாநிலத்துச் சமிற்வில் பொற்சுரங்கத்தைப் பாருங்கள். 1986ல் புதிதாகத் தொடங்கியது. 1992 டிசெம்பரில் கம்பனி வங்குரோத்தாகி விட்டுப் போனது. அமிலமும் உலோகமும் கலந்த நீர் அலமோசா ஆற்றில் சுமார் 27 கிலோமீற்றர் தூரத்துக்கு மீனில்லாமற் செய்தது. கீழே சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் பார்லியும் கால்நடைத் தீவனமும் செய்யும் விவசாயிகளுக்கு அதே ஆறுதான் நீர். வாய்க்கால் கதவுகளின் இரும்பை அந்த நீர் அரித்தது. கம்பனி கட்டியிருந்த பிணைப்பணம் சில மில்லியன் டொலர் மட்டுமே. துப்புரவுக்குப் பொதுப்பணத்திலிருந்து போனது 150 மில்லியன் டொலருக்கும் மேல்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் எக்குவிற்றி சில்வர் சுரங்கம் 1980ல் திறந்து 1994ல் மூடியது. திறந்த சில ஆண்டுகளிலேயே கழிவுக்கல்லிலிருந்து அமிலம் வடியத் தொடங்கியது. இன்றும் அந்த நீரைச் சேர்த்து, சுண்ணாம்பு இட்டு முறித்தே வெளியே விடுகிறார்கள். வெள்ளி எடுத்தது பதினான்கு ஆண்டு. சுண்ணாம்பு இடுவதற்கு முடிவுத் திகதி இல்லை.

"அமிலம் வந்தாலென்ன, சுத்திகரிப்போம்" என்று சொல்பவர்களுக்கு எமது மக்கள் தரக்கூடிய மறுமொழி ஒன்று உண்டு. அதை எமக்குக் கற்றுத்தந்தது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. ஓர் இரவில் ஊரே எழும்பிப் போனதைப் பார்த்தவர்கள் நாம். நீர் இறைக்கும் இயந்திரம், மருந்தகம், பள்ளிக்கூடம், குளத்துக் கட்டு எல்லாவற்றையும் அப்படியே விட்டு வந்தவர்கள் நாம். நூறாண்டு ஒரு நாளும் தவறாமல் ஒருவர் சுண்ணாம்பு இடுவார் என்ற வாக்கை யார் நம்பினாலும் நாம் நம்ப இயலாது.

பப்புவா நியூகினியின் பூகன்வில் தீவு இதற்குச் சாட்சி. அங்கே பங்குனா என்ற பெருஞ் செம்புச் சுரங்கம் 1972 முதல் இயங்கியது. ஒரு பில்லியன் தொன்னுக்கும் மேற்பட்ட கழிவு ஆறுகளில் விடப்பட்டது. நிலத்தையும் ஆற்றையும் இழந்த மக்களின் கோபம் போராக மூண்டது. 1989ல் சுரங்கம் மூடப்பட்டது. போர் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நீடித்தது. மூடுவதற்கான திட்டமோ துப்புரவோ எதுவும் நடக்கவில்லை. செம்பு கரைந்து நீலம் படிந்த கற்கள் அங்கே இன்றும் உண்டு. சேதத்தை முறையாக அளக்கும் சுயாதீன ஆய்வின் முதற்கட்ட அறிக்கை 2024ல்தான் வெளிவந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த மலையைக் கழுவி இறங்கிய மழைக்கு, சமாதானம் வரும்வரை காத்திருக்கத் தெரியவில்லை.

எமது நாட்டில்

எமது நாட்டில் இத்தகைய பெருஞ் சுரங்கம் எதுவும் இல்லையே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இதே இரசாயனம் இங்கே சுரங்கமின்றியே வயல்களைப் பறித்திருக்கிறது. மாத்தறை மாவட்டத்தில் நில்வளா கங்கையின் வெள்ளத்தைத் தடுக்க 1980களில் அணைக்கட்டும் வடிகாலும் நீரிறைக்கும் நிலையங்களும் அமைத்தார்கள். நீருக்கடியில் சாதுவாகக் கிடந்த பைரைற்றுச் சேற்றுக்கு வடிகாலால் காற்றுப் பட்டது. மண் புளித்தது. நெல் விளைந்த வயல்கள் பல கைவிடப்பட்டன. நன்மை செய்ய வந்த திட்டம் அது. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு உரிய இடம் கொடுக்கப்படாதபோது, நல்ல நோக்கமும் வயலைக் காக்கவில்லை.

திருகோணமலை மாவட்டத்துச் சேருவில பகுதியில் 1971ல் செம்பும் இரும்பும் சேர்ந்த தாதுப்படிவு கண்டறியப்பட்டது. அதில் கந்தகம் சேர்ந்த கனியங்கள் உண்டு. செம்பின் விலை ஏறும்போதெல்லாம் இப்படிப்பட்ட இடங்களின் பெயர்கள் மீண்டும் பேசப்படும். சுற்றிலும் வயல், இடம்பெயர்ந்து திரும்பிய மக்கள். தோண்ட வேண்டும், வேண்டாம் என்று இப்போதே முடிவு கட்ட நான் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எழும் நாளில் எமது மக்கள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

எப்பாவலை விவசாயிகள் அதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். அங்குள்ள பொசுபேற்றுப் படிவை வெளிநாட்டுக் கம்பனிக்கு விடும் திட்டத்தை எதிர்த்து அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். முழுமையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் முடியாமல் ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று 2000 ஜூனில் தீர்ப்பு வந்தது. முதலில் சோதனை, பிறகே கையெழுத்து என்ற நியாயத்தை, நிலத்தில் உழைப்பவர்கள் வழக்காடிப் பெற்றார்கள்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கருத்துக் கூற 30 நாட்கள் உண்டு. ஆனால் வேறு மாவட்டத்தில் தஞ்சமிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த 30 நாட்கள் எப்போது தொடங்கின என்பதே தெரியாமற் போகலாம். இந்த அநீதிக்குப் பரிகாரம் வேண்டும். நிலத்தின் உரித்தாளர்கள் எங்கே தங்கியிருக்கிறார்களோ அங்கேயும், அவர்களுடைய மொழியில், அறிவித்தல் போக வேண்டும். அதுவரை, ஒவ்வொரு ஊரவரும் தங்கள் பிரதேச செயலகத்தோடு தொடர்புள்ள ஒருவரையாவது இதற்கென ஒழுங்குசெய்து வைப்பது நல்லது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இரசாயனம் படிக்காதவர்களும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. கமக்காரர் அமைப்புகளிலும் மாதர் சங்கங்களிலும் வாசித்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மொத்தம் எத்தனை தொன் கல் தோண்டப்படும்? எத்தனை மாதிரி எடுத்தீர்கள்? அவை எந்தெந்த இடத்தில், எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டவை என்று படத்தில் காட்டுவீர்களா? கழிவுக்கல்லிலிருந்தும், தாதை அரைத்தபின் எஞ்சும் சேற்றிலிருந்தும் எடுத்தீர்களா?

நிச்சயமற்ற வகையில் விழுந்த மாதிரிகள் எத்தனை? அவற்றை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்? நிச்சயமற்றதை அமிலக் கல் என்றே கொள்ள வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

நீண்ட சோதனை எத்தனை வாரம் நடந்தது? நிறுத்தியபோது கல்லில் சுண்ணாம்பு மீதி இருந்ததா? எங்கள் வெயிலிலும் எங்கள் மாரியிலும் வைத்துப் பார்த்தீர்களா? இரண்டாவது ஆய்வுகூடம் ஒன்று, கம்பனியின் சம்பளம் வாங்காத ஒன்று, அதே கல்லைச் சோதித்ததா?

இன்று எங்கள் கிணறுகளிலும் குளத்திலும் நீர் எப்படி இருக்கிறது என்று, தோண்டுமுன் அளந்து எங்கள் கையில் தருவீர்களா? அந்தத் தாள் இல்லாவிட்டால் நாளை நீர் கெட்டபின், "முன்பும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லப்படும்.

சோதனை பிழைத்தால் செலவு யாருடையது? அந்தப் பணம் முன்கூட்டியே, கம்பனி தொட முடியாதபடி, எங்கே வைக்கப்படும்?

மறுமொழி சுருக்க அறிக்கையாக வந்தால் ஏற்க வேண்டாம். 2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்கும் உரியது. அரச அலுவலகத்தின் கைக்கு வந்த முழுச் சோதனைத் தாள்களையும் கேட்டுப் பெற அதைப் பயன்படுத்தலாம். தாள்களை வாசிக்கத் தெரிந்த இரசாயன ஆசிரியர் ஒருவர் அண்மையிலுள்ள பள்ளிக்கூடத்தில் இருப்பார். அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

எல்லாக் கேள்விக்கும் நேர்மையான மறுமொழி கிடைத்து, கல் சாதுவானது என்று மெய்யாகவே தெரிந்தால், சுரங்கம் சிலருக்குத் தொழில் தரலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் "அமிலம் வரும், முடிவில்லாமல் சுத்திகரிப்போம்" என்பதே மறுமொழியானால், வயலுக்கும் குடிநீருக்கும் மேலே அப்படி ஒரு சுரங்கம் திறக்கப்படக் கூடாது. இதில் பேரம் பேச இடமில்லை. போரால் விட்டு வந்த வளவுக்குத் திரும்பிப் போய்ப் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மீண்டும் விதைத்தவர்கள் எம்மிடையே உண்டு. புளித்த நிலத்துக்குத் திரும்பிப் போனவர்கள் குறைவு. ஆகவே சோதனைக் குழாய் இன்னும் மேசையில் இருக்கும்போதே, மலை இன்னும் மலையாக நிற்கும்போதே, எமது கேள்விகளைக் கேட்டுவிடுவோம்.